பச்சை இலை எரிகிற பெட்டி

ஊருக்கென்று சொந்தமாக ஒரு ஃப்ரீசர் பெட்டி வேண்டும் என்று கோவில் பங்குப்பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவர் ததேயுஸ். அந்தப் பெட்டியில் முதன்முதலாகப் படுத்தவரும் அவரே. இரண்டுக்கும் நடுவில் ஒரு மழைக்காலம் போயிருந்தது. அந்த மழைக்காலம் முழுக்க ஊரில் யாரும் சாகவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதுவரை யார் இறந்தாலும் புதுக்கடையிலிருந்துதான் வாடகைப் பெட்டி வரும். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்து வரிசையாக வீடு கட்டிய ஊர் அது. பாதி ஆண்கள் கடலில் இருப்பார்கள், மீதிப் பேர் வளைகுடாவில். அதனால் செத்தவரை அன்றைக்கே அடக்கம் செய்வது இங்கே நடக்காத காரியம். மஸ்கட்டிலிருந்தோ தோஹாவிலிருந்தோ ஒருவர் வந்தே ஆக வேண்டும். அவர் வந்து முகத்தைப் பார்க்கும்வரை செத்தவர் காத்திருப்பார். கடலில் போனவர்களுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது. ததேயுஸின் தம்பி புயலில் போனபோது உடல் கிடைக்கவில்லை, அவனுடைய சட்டை ஒன்றைத்தான் குழிக்குள் வைத்து மூடினார்கள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் முகம் பார்ப்பது என்பது லேசான விஷயமாக இல்லை.

பெட்டி வாங்கப் போனபோது கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று, சொருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும். இன்னொன்று, எவ்வளவு குளிர் வேண்டும் என்று தானாகவே யோசிக்கும். இரண்டாவது மின்சாரத்தைப் பாதிக்குப் பாதி மிச்சம் பிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னதும் ததேயுஸ் முதல் பெட்டியின் பக்கம் அப்புறம் திரும்பவே இல்லை. ஆள் செத்த வீட்டில் கரண்டு பில் வேறு எதற்கு என்பது அவர் கட்சி. யாரும் மறுத்துப் பேசவில்லை. அவர் பேரவையின் பொருளாளர், மறுத்தால் கூட்டம் முடிய நேரமாகும். பெட்டியின் மூளையைத் தன் செல்போனோடு அவரே இணைத்துக்கொண்டார். வேறு யாரும் கைவைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்று பூட்டும் போட்டார்.

ததேயுஸின் மனைவி குளோரிக்கு இதில் எதுவுமே புதிதாகத் தெரியவில்லை. அவள் அந்த மனிதரோடு பாதி இருட்டில் வாழ்ந்தவள். நாற்காலியிலிருந்து எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் ஃபேன் நின்றிருக்கும். குளிக்கிற அறையில் இருக்கும்போது வெளியிலிருந்து, உள்ளே ஆள் இருக்கிறதா என்று குரல் வரும், பதில் சொல்லத் தாமதித்தால் விளக்கு அணைந்துவிடும். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்று அரசாங்கம் சொன்ன நாளிலிருந்து, நூற்றொன்றாவது யூனிட்டைத் தன் வீட்டு வாசலுக்குள் விடுவதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார். காலையில் எழுந்ததும் சிலுவை போட்டுக்கொள்வார், பிறகு முன்வாசலில் இருக்கும் மீட்டரைப் போய்ப் பார்ப்பார். சில நாள் அந்த வரிசை மாறியும் இருக்கும்.

மகன் லிஜோ கல்யாணம் முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பும் முன் தன் அறையில் ஏசி வைத்துவிட்டுப் போனான். ததேயுஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. மருமகள் பெபிஷா ஏசி போட்டால் அந்த அறைக்கு வெளியே வந்து நின்று தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான். அவளாகவே கொஞ்ச நேரத்தில் அணைத்துவிடுவாள்.

பெட்டி வந்த பிறகு அவருக்குச் சாயங்காலத்தில் ஒரு வேலை கிடைத்தது. செல்போனில் பெட்டிக்கென்று ஒரு பக்கம் உண்டு. அதில் ஒரு சின்ன மரம். மிச்சம் பிடிக்கப் பிடிக்க அதில் இலை கூடும். பங்கு மண்டபத்தில் பெட்டி காலியாகக் கிடக்கக் கிடக்க மரம் தழைத்துக்கொண்டே போனது. அவர் அதைக் குளோரியிடம் காட்டுவார்.

"பாத்தியா, இன்னைக்கும் ரெண்டு இலை."

யாரும் சாகவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று குளோரி புரிந்துகொள்வாள்.

அன்று காலை திருப்பலி முடிந்து வந்தவர் நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்றார். கூடத்துக்குள் வந்தார். ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை அணைத்தார். பிறகு கட்டிலில் படுத்தார். டாக்டர் வந்து பார்த்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

லிஜோவிடம் குளோரியே பேசினாள். அவனுக்குப் பின்னால் ஏதோ கப்பல் சங்கு ஊதியது. மறுநாள் காலை திருவனந்தபுரத்தில் இறங்குகிற விமானத்தில் இடம் கிடைக்கும் என்றான். அதற்குப் பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அப்பாக்க மொகத்த நான் பாக்கணும்மா. கெடாம வச்சிரு."

வைக்கிறேன் என்று அவள் சொன்னாள். சித்தப்பாவின் சட்டையைக் குழிக்குள் வைத்தபோது அதை மடித்துக் கொடுத்தவன் லிஜோதான். அது அவள் நினைவில் இருந்தது.

உச்சிக்கு முன்பே பெட்டி வந்துவிட்டது. இளைஞர் சங்கச் செயலாளர் லிபின் நாலு பேரோடு தூக்கிக்கொண்டு வந்தார். ஊர்ப் பெட்டியின் முதல் பயணம் என்பதால் கொஞ்சம் விளம்பரமாகவே கொண்டுவந்தார்கள், பாதைக்கு இருபுறமும் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கூடத்தின் நடுவில் வைத்துச் சொருகியதும் அது மெல்ல உறுமத் தொடங்கியது. ததேயுஸுக்கு வெள்ளைச் சட்டையும் வேட்டியும் உடுத்தி, விரல்களில் ஜெபமாலையைச் சுற்றி, உள்ளே கிடத்தி மூடினார்கள். சற்று நேரத்தில் கண்ணாடி மூடியின் வெளிப்பக்கம் வேர்த்தது. பெண்கள் முந்தானையால் துடைத்துத் துடைத்து முகம் பார்த்தார்கள்.

மூடியைக் காக்கிற பொறுப்பை ஞானதாசன் எடுத்துக்கொண்டார். ததேயுஸோடு பல வருடம் தங்கு கடலுக்குப் போனவர். கரையிலிருந்து வெகு தூரத்தில் வாரக்கணக்கில் நிற்கிற வள்ளத்தில், பிடித்த மீனைக் கரை சேர்ப்பது முழுக்க ஐஸைப் பொறுத்தது. ஐஸ் அறையின் மூடியைத் தேவையில்லாமல் திறந்தவனை அந்த வள்ளத்தில் மனிதனாக மதிக்க மாட்டார்கள். ஞானதாசன் பெட்டியின் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு முத்தம் கொடுக்க வேண்டும், ஒரு பூ வைக்க வேண்டும் என்று வந்த எல்லோரையும் கையைக் காட்டித் தடுத்தார். ஆலப்புழையிலிருந்து வந்த ததேயுஸின் தங்கையைக்கூட அவர் விடவில்லை. தொறந்தா தணுப்பு போயிரும் என்று ஒரே வாக்கியத்தை எல்லோரிடமும் சொன்னார். மூடியைத் திறந்தால் குளிர் போய்விடும் என்பது கடற்கரை ஆட்களுக்கு நியாயமாகப் பட்டது. யாரும் மூடியைத் தொடவில்லை.

பெட்டியின் கால்மாட்டில் ஒரு சின்னத் திரை இருந்தது. முதலில் அதில் எண்கள் தெரிந்தன. பிறகு எண்கள் மறைந்து ஒரு பச்சை இலை மட்டும் எரிந்தது. வள்ளத்து எஞ்சினில் பச்சை எரிந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். சத்தமும் குறைந்துவிட்டது. நல்ல பெட்டி, சத்தமே இல்லை என்று வந்தவர்கள் பாராட்டினார்கள். புதுக்கடைப் பெட்டி என்றால் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வதே கஷ்டம், இரைச்சலில் எத்தனையாவது மணி என்பது மறந்துபோகும்.

கண்ணாடியும் நல்ல தெளிவாகிவிட்டது. துடைக்கவே வேண்டாம், முகம் அப்படியே தெரிகிறது என்று ததேயுஸின் தங்கை சொன்னாள். அதைக் கேட்டதும்தான் குளோரி தலையை நிமிர்த்தினாள்.

அவள் புதுக்கடைச் சந்தையில் மீன் விற்றவள். கல்யாணமான புதிதில் தொடங்கி, முழங்கால் தேய்ந்து டாக்டர் நிறுத்தச் சொன்ன வரைக்கும் விற்றாள். உள்ளே ஐஸ் சரியாக இருக்கிற பெட்டி வெளியே வேர்க்கும். வேர்க்காத பெட்டியில் கை விட்டுப் பார்த்தால் சாளை மீன் குழைந்திருக்கும். இதைச் சந்தையில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை, கைக்குத் தெரியும். அவள் எழுந்து போய்க் கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். துக்கத்தில் தொடுகிறாள் என்று நினைத்துப் பெண்கள் அழுகையைக் கூட்டினார்கள்.

அவள் ஞானதாசனின் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னாள்.

"கொழுந்தனாரே, பெட்டி வேர்க்கல்ல."

ஞானதாசன் கையை வைத்துப் பார்த்தார். புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தார். அன்று அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை.

லிபினைக் கூப்பிட்டார்கள். லிபின் பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். இலைதான் எரிந்தது. திரும்பவும் பிடுங்கினார், திரும்பவும் இலை. அவர் திரையை அழுத்தினார், தட்டினார், தன் சட்டையால் துடைத்தார். அது ஒரு பூட்டுப் படத்தைக் காட்டிவிட்டு மறுபடி இலைக்குப் போனது.

அந்த நேரத்தில்தான் அலமாரியின் மேலிருந்து ததேயுஸின் செல்போன் ஒலித்தது. காலையிலிருந்தே அது அவ்வப்போது ஒலித்துக்கொண்டிருந்தது. யாரோ விவரம் தெரியாமல் அழைக்கிறார்கள் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். பெபிஷா போய் எடுத்தாள். பூட்டிய திரையின் மேல் தமிழில் செய்திகள் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. அவள் ஒன்றை வாசித்துவிட்டு, சத்தமாக வாசிக்கலாமா என்பது போலக் குளோரியைப் பார்த்தாள். குளோரி வாசிக்கச் சொன்னாள்.

"பெட்டி நீண்ட நேரமாகத் திறக்கப்படவில்லை. உள்ளே அசைவும் இல்லை. காலியாக இருப்பதாகக் கருதிச் சிக்கன நிலைக்கு மாற்றியுள்ளோம். வாழ்த்துகள்."

பெட்டிக்குள் படுத்திருந்தவரை எல்லோரும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள்.

லிபின் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அழைத்தார். அங்கே பேசிய பெண் மிகவும் மரியாதையாக இருந்தாள். அவள் சொன்னதிலிருந்து லிபின் ஒருவாறு விஷயத்தைப் புரிந்துகொண்டார். குளிரை யோசித்து யோசித்துக் கூட்டிக் குறைக்கிற அந்தக் கருவி முதலில் வீட்டு அறைகளுக்காகச் செய்யப்பட்டதாம். ஆள் நடமாட்டம் இருந்தால் குளிர்விக்கும், இல்லாவிட்டால் ஓய்வெடுக்கும். பெட்டி செய்தவர்கள் அதை அப்படியே எடுத்துப் பொருத்தியிருந்தார்கள். அது கற்றுக்கொள்ளவும் செய்யும். ஒரு மழைக்காலம் முழுக்கக் காலியாகக் கிடந்து, காலியாகக் கிடப்பதுதான் தன் வேலை என்று அது கற்றுக்கொண்டிருந்தது. இதையெல்லாம் அணைத்துவிடலாம், ஒரு சிரமமும் இல்லை, ஆனால் பதிவு செய்தவரின் செல்போனிலிருந்துதான் அணைக்க முடியும். பதிவு செய்தவரிடம் போனைக் கொடுங்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். அவர் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறார் என்று லிபின் சொன்னார். அவர் வெளியே வந்ததும் அழைக்கச் சொல்லுங்கள் என்றாள்.

புதுக்கடைப் பெட்டிக்கும் ஆள் விட்டார்கள். அது கருங்கல் பக்கம் ஒரு வீட்டில் இருந்தது, அங்கேயும் ஒரு மகன் தோஹாவிலிருந்து வந்துகொண்டிருந்தான்.

அப்போதுதான் லிபின் விரலைப் பற்றிப் பேசினார். செல்போன் ததேயுஸின் பெருவிரல் ரேகையில் திறக்கும். விரல் இங்கேதான் இருக்கிறது. ஞானதாசன் ஒத்துக்கொள்ளவில்லை.

"மூடியத் தொறக்காண்டாம் மக்கா. இருக்க தணுப்பும் போயிரும்."

"இல்லாத தணுப்பு எங்க போவும் அண்ணே?"

இரண்டு பேரும் குளோரியைப் பார்த்தார்கள். அவள் போய் மூடியின் கொக்கியை விலக்கினாள்.

மூடி திறந்ததும் பெட்டி விழித்துக்கொண்டது. இலை அணைந்தது. எண்கள் வந்தன. அடியில் உறுமல் தொடங்கியது. காலையிலிருந்து யாரையும் திறக்க விடாமல் காத்ததுதான் பெட்டியைத் தூங்க வைத்திருக்கிறது என்பது ஞானதாசனுக்கு அந்த உறுமலில் புரிந்தது. அவர் போய்த் தன் நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டார். பிற்பாடு அதில் அவர் உட்காரவில்லை.

குளோரி கணவரின் விரல்களிலிருந்து ஜெபமாலையை அவிழ்த்தாள். பெபிஷா செல்போனை நீட்டினாள். பெருவிரலை வைத்தபோது அது மீண்டும் முயற்சிக்கவும் என்றது. துடைத்துவிட்டு வைத்தார்கள். ஊதிவிட்டு வைத்தார்கள். குளோரி அந்த விரலைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடாக்கிப் பார்த்தாள். உயிருள்ள விரல்தான் அதற்கு வேண்டும் போலிருந்தது. கடைசியில் ஆறு எண்களைக் கேட்டுவிட்டு நின்றது. அவள் ஜெபமாலையை முன்பு இருந்தபடியே சுற்றி, மூடியை மூடினாள். சற்று நேரம் பெட்டி ஓடியது. பிறகு ஏதோ யோசித்தது. மறுபடி பச்சை இலை.

மாறி மாறித் திறந்துகொண்டே இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். விழித்துக்கொள்ளும், ஆனால் திறக்கிற ஒவ்வொரு தடவையும் கூடத்துச் சூடு உள்ளே போகும். காலைவரை அப்படியே செய்தால் லிஜோ வரும்போது முகம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. முற்றத்துப் பந்தலுக்குள்ளேயே அனல் அடித்தது.

ஞானதாசன் வெளியே போனார். திரும்பி வரும்போது துறைமுகத்து ஐஸ் பிளான்டிலிருந்து ஒரு டெம்போ அவர் பின்னால் வந்தது. உடைத்த ஐஸ், சாக்குச் சாக்காக முற்றத்தில் இறங்கியது. சூரை மீனை எத்தனை நாள் கெடாமல் கொண்டுவந்திருக்கிறோம், கண்ணுகூடக் கலங்கியதில்லை, அடியில் ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை போட்டால் போதும் என்று சொன்னார். அவருக்கு அதில் பிழை செய்த மனிதனின் அவசரம் இருந்தது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அந்தச் சாக்குகளைக் குளோரிக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ விடியற்காலையில் அதே மாதிரிச் சாக்குகளிலிருந்து ஐஸை அள்ளி மீன்மேல் இறைத்திருக்கிறாள்.

அவள் வாசலில் வந்து நின்றாள்.

"ஐஸ்ல நான் மீனத்தான் போட்டிருக்கேன். இவியளப் போடமாட்டேன்."

சாக்குகள் முற்றத்திலேயே இருந்தன. அவற்றின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து பந்தல் காலைச் சுற்றிக்கொண்டு பாதையை நோக்கிப் போனது. அதைத் தாண்டித்தான் ஆட்கள் உள்ளே வந்தார்கள்.

உள்ளே பெபிஷா எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். லிஜோ பிறந்த தேதியைப் போட்டாள். தவறு என்றது. வள்ளத்தின் பதிவு எண்ணில் கடைசி ஆறைப் போட்டார்கள், தவறு. அண்ணன் அண்ணியின் கல்யாண நாளாகத்தான் இருக்கும் என்று ததேயுஸின் தங்கை உறுதியாகச் சொன்னாள். கூட இருந்த பெண்கள் எல்லோரும் அதுவாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினார்கள். பெபிஷா தேதியைக் கேட்டாள். குளோரிக்கு மாதம் மட்டும் நினைவிருந்தது. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்துப் போட்டார்கள். தவறு. பெண்கள் குளோரியை இரக்கத்தோடு பார்த்தார்கள். அவளுக்கு வருத்தமாக இல்லை. தனக்கே மறந்த தேதியை அந்த மனிதர் ஏன் நினைவில் வைத்திருக்க வேண்டும். இன்னும் ஒரு தடவை தவறாகப் போட்டால் நாளை இதே நேரம்வரை திறக்காது என்று செல்போன் எழுதிக் காட்டியது.

அவர்கள் பெட்டியை ஒரு தடவை திறந்து மூடினார்கள். பெட்டி விழித்து முழு மூச்சில் ஓடத் தொடங்கியது. முற்றத்தில் லிபினின் சவுண்டு செட்டில் ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. பந்தலில் வாடகை ஃபேன்கள் சுற்றின. பெபிஷாவின் அறையில் உறவுக்காரர்களின் பிள்ளைகளைப் படுக்க வைத்து ஏசி போட்டிருந்தார்கள். பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்தது. அந்த வீடு கட்டியதிலிருந்து இப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. வெளியே கம்பத்தில் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு எல்லாம் நின்றது. சவுண்டு செட் ஒரு சொல்லின் பாதியில் நின்றது. பெட்டி நின்றது. இலைகூட எரியவில்லை.

ஃபியூஸ் போனது அந்த வீட்டுக்கு மட்டும்தான். லிபின் லைன்மேனை அழைத்தார். லைன்மேன் முதலில் நம்பவில்லை. ததேயுஸ் அண்ணன் வீட்டிலா என்று இரண்டு தடவை கேட்டார். செய்தி தெரிந்ததும் வருத்தப்பட்டார், உடனே வருகிறேன் என்றார். எழுதிக்கொள்ள இணைப்பு எண்ணை மட்டும் கேட்டார். லிபின் போனைக் கையால் பொத்திக்கொண்டு கூடத்தைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்.

குளோரி பெட்டியின் பக்கத்திலிருந்து எழுந்திருக்காமலே சொன்னாள். முதலில் வட்டத்தின் எண், பிறகு பகுதியின் எண், அதன் பிறகு கடைசி ஆறு எண்கள். நாலு ஏழு இரண்டு என்று ஏறி, ஒரு மூச்சு விட்டு, பூச்சியம் ஒன்று ஆறு என்று இறங்கினாள். அது அவளுடைய ராகம் இல்லை. ஒவ்வொரு தடவை கரண்டு போகும்போதும் ததேயுஸ் முன்வாசலில் நின்று போனில் அந்த எண்ணை அப்படித்தான் சொல்வார். கரண்டு போகாத நாளிலும் மீட்டரைப் பார்த்துவிட்டு வரும்போது அதை முணுமுணுத்துக்கொண்டே வருவார். அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டுதான் அவள் அரிசி களைந்திருக்கிறாள், பிள்ளையைத் தூங்க வைத்திருக்கிறாள்.

பெபிஷா செல்போனைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றாள்.

"மாமி, கடேசி ஆறும் இன்னொருக்க சொல்லுங்க."

குளோரி சொன்னாள். பெபிஷா ஒவ்வொன்றாக அழுத்தினாள். கடைசி எண்ணை அழுத்தும் முன் விரலைத் தூக்கிக்கொண்டு மாமியைப் பார்த்தாள். குளோரி பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்போன் திறந்தது.

ஆலப்புழைத் தங்கை மூக்கைச் சிந்தினாள். ஞானதாசன் வாசல்படியில் நின்று, அப்படியாக்கும் காரியம் என்று மட்டும் சொன்னார்.

லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறி இறங்கியதும் வீடு மறுபடி உயிர்பெற்றது. சவுண்டு செட் அந்தச் சொல்லின் மீதிப் பாதியைச் சொன்னது. லைன்மேன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பெட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார். பாதி ஃபேன்களை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பெபிஷா குளோரியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, செல்போனில் பெட்டிக்கான பக்கத்தைத் திறந்தாள். முதலில் அந்த மரம் வந்தது. ஒரு மழைக்காலத்து இலைகள் அத்தனையும் அதில் இருந்தன. அதைத் தள்ளிவிட்டுக் கீழே போனால் சிக்கனத்துக்கென்று தனி அறை மாதிரி ஒன்று இருந்தது, அதற்குள் சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. காலியாக இருப்பதைக் கண்டறிதல். இரவு நேரச் சிக்கனம். எல்லோரும் மின்சாரம் உபயோகிக்கிற நேரத்தில் குறைத்துக்கொள்ளுதல். பழக்கத்தைக் கற்றுக்கொள்ளுதல். எல்லாவற்றையும் ததேயுஸ் போட்டு வைத்திருந்தார். அவர் தன் வாழ்நாளில் அணைக்காமல் போட்டு வைத்த சுவிட்சுகள் அவை மட்டும்தான் என்று குளோரிக்குத் தோன்றியது.

பெபிஷா முதல் சுவிட்சைத் தொட்டதும் அது கேட்டது: நிச்சயமாகவா? இதனால் மின்செலவு கூடும். அவள் மாமியைப் பார்த்தாள்.

"அணை" என்றாள் குளோரி.

இரண்டாவதும் அதையே கேட்டது. மூன்றாவதும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் பெபிஷா மாமியைப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் குளோரி கணவரின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அணை என்றாள். ஒரு கட்டத்தில் அவள் யாரிடம் சொல்கிறாள் என்பது பெபிஷாவுக்குச் சந்தேகமாக இருந்தது. நாலாவது சுவிட்சு மட்டும் கூடுதலாக ஒன்று கேட்டது. ஒரு நாளைக்கு மட்டுமா, நிரந்தரமாகவா?

குளோரி யோசித்தாள்.

"நாளைக்கு வரைக்கும் போதும் மக்களே. ஊர்ப் பெட்டியாக்கும்."

பெபிஷா சரி மாமி என்று சொல்லிவிட்டு நிரந்தரமாக என்பதை அழுத்தினாள். மரத்திலிருந்து இலைகள் உதிரத் தொடங்கின. அதை அவள் மாமியிடம் காட்டவில்லை.

பெட்டி ஓடியது. கால்மாட்டில் எண்கள் இறங்கிக்கொண்டே போயின. பொழுது சாய்கிற நேரத்தில் கண்ணாடி மூடி வெளியே வேர்த்தது. ததேயுஸின் முகம் மங்கியது. ஒருத்தி துடைக்கப் போனபோது குளோரி அவள் கையைப் பிடித்தாள். அது அப்படியே இருக்கட்டும் என்றாள். முற்றத்தில் மிச்சமிருந்த ஐஸைப் பிள்ளைகள் எடுத்து விளையாடினார்கள், ஞானதாசன் அவர்களை விரட்டவில்லை.

காலையில் லிஜோ வந்தான். விமானத்திலிருந்து அப்படியே வந்திருந்தான், தோளில் பை தொங்கியது. கூடத்துக்குள் வந்ததும் அவனுக்கு வழி விட்டார்கள். அவன் பெட்டியின் முன்னால் முழங்கால் போட்டான். கண்ணாடி முழுக்க வேர்த்திருந்தது. தன் சட்டைக் கையால் அதைத் துடைத்தான். அப்பாவின் முகம் இருந்தது. வழக்கம்போல யாரோ எங்கேயோ எதையோ அணைக்க மறந்துவிட்டார்கள் என்பது போன்ற முகம். எதுவும் மாறவில்லை. லிஜோ உள்ளங்கையை முகத்துக்கு நேராகக் கண்ணாடியில் வைத்தான், குளிர் தாங்காமல் எடுத்தான், மறுபடி வைத்தான்.

"நல்ல தணுப்பா இருக்கும்மா" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அதற்குப் பிறகு அவன் அழுததை யாரும் தடுக்கவில்லை.

பிற்பகலில் பங்குத்தந்தை வந்தார். மந்திரித்து, தீர்த்தம் தெளித்து, ததேயுஸைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். பேண்டு வாசித்தது. லிஜோவும் ஞானதாசனும் முன்னால் பிடித்தார்கள். கூட்டம் முற்றத்தைத் தாண்டிக் கோவிலைப் பார்த்துத் திரும்பியபோது குளோரி நின்றாள்.

அவள் நின்றதால் அவளைத் தாங்கிக்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். அதைப் பார்த்து லிஜோ நின்றான். பங்குத்தந்தை நின்றார். பேண்டு ஒழுங்கில்லாமல் ஒவ்வொரு கருவியாக நின்றது.

"பெட்டி ஓடிட்டுக் கெடக்கு" என்றாள் குளோரி.

நான் போய் அணைத்துவிட்டு வருகிறேன் என்று லிபின் சொன்னார். பெபிஷா செல்போனை எடுத்தாள், இங்கே நின்றுகொண்டே அணைக்கலாம் என்றாள். குளோரி இரண்டு பேரிடமும் வேண்டாம் என்று தலையசைத்தாள். பெண்களின் கைகளை விலக்கிக்கொண்டு, ஐஸ் தண்ணீர் காய்ந்த தடத்தின் வழியாகத் திரும்பி நடந்தாள். சவப்பெட்டியைத் தோளிலிருந்து இறக்கவா வேண்டாமா என்று தெரியாமல் ஆண்கள் அப்படியே நின்றார்கள். ஊர் முழுக்க வெயிலில் நின்றது.

கூடத்தில் யாரும் இல்லை. காலிப் பெட்டி திறந்தபடி முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் குளிர் தரையோடு பரவி அவள் பாதத்தைத் தொட்டது. அவள் பிளக்கின் சுவிட்சை அணைத்தாள். மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை அணைத்தாள். டியூப் லைட்டை அணைத்தாள். பெபிஷாவின் அறை வாசலில் நின்று, பழக்கத்தில், உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்டாள். பதில் வரவில்லை. உள்ளே போய் ஏசியை அணைத்தாள்.

வெளியே வரும்போது முன்வாசலில் மீட்டர் இருந்தது. அதன் சிவப்புப் புள்ளி நிதானமாக விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே எண்கள். நூறைத் தாண்டியதா இல்லையா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க அவளுக்கும் தெரியும். அவள் பார்க்காமல் கடந்துபோய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். பேண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.